தசைத் தளர்வு ஊசி: எதைப் போடுவது, எதைக் கொண்டு மீட்பது?

"மயக்க மருந்து கொடுத்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது மூன்று தனித்தனி வேலைகள். ஒரு மருந்து தூங்க வைக்கிறது, இன்னொன்று வலியை அடக்குகிறது, மூன்றாவது தசைகளை அசையவிடாமல் செய்கிறது. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். முதுகுப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் மாத்திரையாகத் தரும் தசைத் தளர்த்திகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து பிடிப்பைக் குறைப்பவை. ஆபரேஷன் தியேட்டரில் போடும் ஊசியோ, நரம்பு தசையைத் தொடும் இடத்திலேயே செய்தியைத் துண்டித்துவிடுகிறது. கை கால் மட்டுமல்ல, மூச்சு விடும் தசைகளும் நின்றுபோகும். அந்த நிமிடத்திலிருந்து நோயாளிக்காக மூச்சு விடுவது மயக்க மருத்துவரின் கையும் வென்டிலேட்டரும்தான்.

இந்த ஊசிக்குத் தூங்க வைக்கும் சக்தி துளியும் கிடையாது, வலியையும் குறைக்காது. இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர். தூக்க மருந்து எதுவும் இல்லாமல், மூச்சை நிறுத்தத் தேவையான அளவைவிட அதிகமாக, அன்றைய தசைத் தளர்வு மருந்தான டியூபோகுராரினைத் தன் உடம்பிலேயே ஏற்றச் சொன்னார். இமையைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தவருக்கு, சுற்றி இருந்தவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. குத்தியதும் கிள்ளியதும் அப்படியே உறைத்தது. 1947இல் அந்தச் சோதனை அச்சில் வந்தது. இன்றைய மருந்துகளுக்கும் அதே கதைதான். நோயாளி அசையாமல் கிடக்கிறார் என்பதால் அவர் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை.

முதல் ஊசி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போடப்பட்டுவிட்டது. 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியலில் மயக்க மருத்துவர்களான ஹரோல்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்கு, அம்பு நஞ்சான குராரேயிலிருந்து எடுத்த மருந்தைச் செலுத்தினார்கள். அதுவரை வயிற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் மயக்க மருந்தான ஈதரை ஆழமாகக் கொடுப்பதுதான் வழி. ஆழம் கூடினால் இதயமும் மூச்சும் தடுமாறும். குராரே வந்ததும் லேசான மயக்கத்திலேயே வயிற்றைத் திறக்க முடிந்தது. எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1954இல் பீச்சர், டாட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பத்து மருத்துவமனைகள், ஏறத்தாழ 6 லட்சம் மயக்கங்கள். தசைத் தளர்வு மருந்து இல்லாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர் மயக்கம் சார்ந்து இறந்திருந்தார். மருந்து பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவர். மருந்து பெற்றவர்கள் கூடுதல் நோயுற்றவர்கள், ஒப்பீடே சரியில்லை என்று எதிர்வாதம் வந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் மருந்தின் மிச்சத்தை எடுத்துவிட்டு அனுப்பும் பழக்கமும், மூச்சுக்கு முறையாகக் கைகொடுக்கும் பழக்கமும் எங்கும் ஒரே சீராக இல்லை என்பதும் உண்மை.

அதனால்தான் இந்த மருந்துகளை ஒப்பிடும்போது 'எது வேகமாகத் தளர்த்துகிறது' என்பதிலிருந்து தொடங்குவதை நான் ஏற்பதில்லை. எப்படி வெளியே வரப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் எதைப் போடுவது என்று பார்க்க வேண்டும். மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, மீட்சியை அளந்து பார்த்ததற்கும் பார்க்காததற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

முதலில், தேவையா?

எல்லா ஆபரேஷனுக்கும் இது வேண்டியதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால், அல்லது கைக்குப் போகும் நரம்பை மட்டும் மரக்கச் செய்தால், தசைத் தளர்வு அதிலேயே கிடைத்துவிடுகிறது. உடம்பின் மேற்பரப்பில் நடக்கும் சிறிய அறுவைகளுக்கு, குரல்வளைக்கு மேல் உட்காரும் எல்எம்ஏ குழாயை வைத்து, நோயாளியைத் தானாகவே மூச்சுவிட விடலாம். இப்படி முடியும் இடத்தில் முடிப்பதே நல்லது.

வயிற்றைத் திறக்கும் அறுவை, லேப்ராஸ்கோபி, ரோபோ அறுவை, மூளை, திறந்த கண் ஆகியவற்றில் நிலைமை வேறு. ஒரு இருமல், ஒரு முக்கல் போதும், பெரிய சேதம் ஆகிவிடும். மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தளர்வு மருந்து இல்லாமலும் போடலாம். ஆனால் தூக்க மருந்தான ப்ரோபோஃபாலையும் வலியடக்கியான ரெமிஃபென்டனிலையும் கணிசமாக ஏற்ற வேண்டியிருக்கும், ரத்த அழுத்தம் சரியும். 2003இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, தளர்வு மருந்து இல்லாமல் ட்யூப் போட்டவர்களுக்குக் குரல் கம்மலும் குரல்நாண் காயமும் தெளிவாகவே அதிகம் என்று காட்டியது. பாட்டுப் பாடுபவருக்கும் வகுப்பெடுப்பவருக்கும் இது சின்ன விஷயமல்ல.

எதிர்ப்பக்கத் தட்டில் இரண்டு பாரங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆபரேஷன் நடுவே நினைவு வருவது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான தேசியத் தணிக்கையில், நோயாளிகள் தாங்களாகவே சொன்ன சம்பவங்களை எண்ணினார்கள். தளர்வு மருந்து போட்ட பொது மயக்கத்தில் சுமார் 8,200க்கு ஒன்று. போடாததில் சுமார் 1,35,900க்கு ஒன்று. காரணம் எளிது. தளர்வு மருந்து இல்லாதவர் மயக்கம் குறைந்தால் கையை அசைத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார். மருந்து போட்டவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவது, நுரையீரல். 28 ஐரோப்பிய நாடுகளில் 22,803 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான பாப்புலர் ஆய்வு, தளர்வு மருந்து பெற்றவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல்கள் கூடுதல் என்றது. இது கவனித்து எழுதிய ஆய்வுதான், குலுக்கல் முறையில் பிரித்து நடத்தியது அல்ல. ஆனாலும் 'போட்டால் என்ன, எடுத்துவிடலாமே' என்ற அலட்சியத்துக்கு அது ஒரு கடிவாளம்.

இந்த இடத்தில் ஒரு பக்கப் பேச்சு. "இன்னும் டைட்டாக இருக்கிறது, கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்கள்" என்ற குரல் தியேட்டரில் பெரும்பாலும் எப்போது எழும் தெரியுமா? வயிற்றுச் சுவரைத் தைக்கும்போது. ஆபரேஷன் முடியப் பதினைந்து இருபது நிமிடம்தான் இருக்கும். அப்போது ஒரு டோஸ் கூடுதலாகப் போட்டால் தையல் சுகமாக முடிந்துவிடும், ஆனால் நோயாளி ஆழமான தளர்ச்சியோடு எழுப்பும் கட்டத்துக்கு வந்து நிற்பார். தூக்க மருந்தைச் சற்று ஆழமாக்கினாலே பல நேரம் வயிறு இளகிவிடும். உதரவிதானம் மற்றத் தசைகளைவிட இந்த மருந்துக்கு அதிகம் முரண்டு பிடிப்பது என்பதால், கை முழுதாகத் துவண்டிருக்கும்போதே வயிறு உந்துவதும் விக்கல் வருவதும் சகஜம்.

ஸ்கோலினா, ரோகுரோனியமா?

வயிறு நிறைந்த நிலையில் அவசர ஆபரேஷனுக்கு வருபவருக்கு ட்யூபைச் சட்டென்று போட வேண்டும். தாமதித்தால் வயிற்றிலுள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இந்த வேகத்துக்கு உள்ளவை இரண்டே மருந்துகள்.

சக்சினைல்கோலின் 1951 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தியேட்டர் பேச்சில் ஸ்கோலின். கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. போட்டால் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்துவிடும்; ஐந்து, பத்து நிமிடத்தில் தானாகவே விலகும். இது தசையைத் தடுப்பதில்லை, ஒருமுறை தூண்டிவிட்டு மறுபடி தூண்ட முடியாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தூண்டல் கண்ணுக்குத் தெரியும். முதலில் இமையும் கன்னமும் துடிக்கும், பிறகு தோள், மார்பு, வயிறு என்று தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் இறங்கி, கடைசியில் கால் விரல்களில் முடியும். துடிப்பு அடங்கினால் ட்யூப் போடலாம் என்று பொருள். இவ்வளவு துல்லியமாகத் தன் வேலை முடிந்ததைத் தானே சொல்லும் மருந்து வேறு இல்லை. இன்னமும் பலர் இதை விட மனமில்லாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதன் பக்கவிளைவுப் பட்டியல் நீளமானது. சாதாரணமானது மறுநாள் வரும் உடம்பு வலி. ஆபரேஷன் சின்னதாக இருந்து, அன்றே எழுந்து நடமாடும் இளவயதினரை அது அதிகம் பிடிக்கும். கழுத்தும் தோளும் மார்பும் அடித்துப்போட்டதுபோல இருக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். குழந்தைகளுக்கு, குறிப்பாக இரண்டாவது டோஸ் போடும்போது, இதயத் துடிப்பு குறையலாம். கண்ணுக்குள் அழுத்தம் சற்று ஏறும்.

பயப்பட வேண்டியவை வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் எல்லோருக்குமே இந்த மருந்தால் லிட்டருக்கு சுமார் 0.5 மில்லிமோல் ஏறும், அது பொருட்டல்ல. ஆனால் பெரிய தீக்காயம், தண்டுவடக் காயம், பக்கவாதம், நெடுநாள் படுக்கை என்றால், தசையின் மேற்பரப்பு முழுக்க, நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் முளைத்துவிடும். ஊசி போட்டதும் பொட்டாசியம் குபீரென்று வெளியேறி இதயமே நின்றுபோகலாம். காயம் பட்ட முதல் நாளில் இந்த ஆபத்து கிடையாது. ஓரிரு நாள் கழித்துத் தொடங்கி மாதக் கணக்கில் நீடிக்கும். வெளியே தெரியாத தசைநோய் உள்ள சிறுவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கை வைத்திருப்பது அதற்காகத்தான். குழந்தைகளுக்கு அவசரம் இல்லாத ஆபரேஷனில் இதைத் தொட வேண்டாம் என்பது அதன் சாரம்.

அடுத்தது மரபில் வருவது. ஸ்கோலினைச் சிதைப்பது ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தவருக்கு, ஐந்து நிமிட ஊசி பல மணி நேரம் நிற்கும். இதனால் யாரும் சாக வேண்டியதில்லை. தூக்க மருந்தை நிறுத்தாமல் வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் தானாக விலகும். விபரீதம் எப்போது என்றால், அது என்னவென்று புரியாமல் தூக்க மருந்தை நிறுத்திவிட்டு "ஏன் எழவில்லை" என்று தட்டிக்கொண்டிருக்கும்போது. உள்ளே அவர் முழு நினைவோடு கிடப்பார். இன்னொரு மரபுக் கோளாறு, வீரிய உடல்வெப்பம் எனப்படும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. ஸ்கோலினும் முகர வைக்கும் மயக்க வாயுக்களும் இதைத் தூண்டிவிடும். தசை இறுகி, கரியமில வாயு கூடி, உடம்பு கொதிக்கும். டான்ட்ரோலீன் என்ற ஒரே முறிமருந்து உடனே உள்ளே போக வேண்டும்.

இனி ரோகுரோனியம். சாதாரண அளவு கிலோவுக்கு 0.6 மி.கி.; அவசரத்துக்கு அதை 1.2 வரை ஏற்றினால் ஸ்கோலினுக்கு நெருக்கமான வேகம் கிடைக்கும். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2015இல் வந்த காக்ரேன் மீளாய்வு, மொத்தமாகப் பார்த்தால் ட்யூப் போடும் சூழல் ஸ்கோலினில் கூடுதல் சிறப்பு, ஆனால் ரோகுரோனியத்தை அந்தப் பெரிய அளவில் கொடுத்தவர்களில் வித்தியாசம் தெரியவில்லை என்றது. பொட்டாசியப் பிரச்சினை இல்லை, உடல்வெப்பக் கோளாறு இல்லை, தசை வலி இல்லை. விலை என்ன? நேரம். அந்த அளவில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தளர்ச்சி நீடிக்கும். ஊசி ஏறும்போது கை எரியும். தூங்கிவிட்டவர்கூட மணிக்கட்டை உதறி இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

ஸ்கோலின் பக்கம் ஒரு வாதம் வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது: ட்யூப் போட முடியாமல் போனால் ஐந்து பத்து நிமிடத்தில் நோயாளி தானே மூச்சு விட்டுவிடுவார், எனவே அது பாதுகாப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. ட்யூபும் போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று போகவில்லை என்ற நிலையில், முழு டோஸ் ஸ்கோலின் விலகுவதற்கு முன்பே பலருக்கு ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பருமனானவர், கர்ப்பிணி, குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம். ரோகுரோனியத்தைச் சுகமாடெக்ஸ் என்ற மீட்பு மருந்து கொண்டு கிலோவுக்கு 16 மி.கி. கொடுத்து மீட்டால் ஸ்கோலின் தானாக விலகுவதைவிட விரைவு என்பது உண்மைதான். ஆனால் 70 கிலோ உடம்புக்கு அது 1,120 மி.கி.; 200 மி.கி. குப்பிகள் என்றால் ஆறு குப்பிகளை உடைத்து உறிஞ்ச வேண்டும். யாராவது அலமாரியைத் தேடி ஓடும் நிலையில் அந்த வேகம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அதோடு, தளர்ச்சி விலகினாலும் தூக்க மருந்தின் மந்தமும், குத்திக் கிளறி வீங்கிய தொண்டையும் அப்படியேதான் இருக்கும்.

ஒவ்வாமையிலும் இரண்டும் சளைத்தவை அல்ல. ஆபரேஷன் சமயத்து உயிராபத்து ஒவ்வாமைக்குக் காரணங்களில் ஆன்டிபயாடிக்குகளுக்கு அடுத்த இடம் தசைத் தளர்வு மருந்துகளுக்கு என்று பிரிட்டனின் 2018 தணிக்கை சொன்னது. ஒரு லட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால் ஸ்கோலினுக்கு சுமார் 11, ரோகுரோனியத்துக்கு சுமார் 6, அட்ராகுரியத்துக்கு சுமார் 4. முதன்முறை போடும்போதே வரலாம் என்பதுதான் இதில் வியப்பு. ஃபோல்கோடின் கலந்த இருமல் மருந்து குடித்தவர்களின் உடம்பு இந்த ஊசிகளுக்கு எதிராக முன்கூட்டியே தயாராகிவிடுகிறது என்று தெரிந்ததும், 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை அதைச் சந்தையிலிருந்து விலக்கப் பரிந்துரைத்தது.

என் கணிப்பைக் கேட்டால்: சுகமாடெக்ஸ் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ரோகுரோனியம். இல்லையென்றால் ஸ்கோலினைப் பழிப்பதில் அர்த்தமில்லை. மின் அதிர்ச்சி சிகிச்சைபோல ஓரிரு நிமிட வேலைக்கும், ட்யூபை எடுத்ததும் குரல்வளை இறுகி அடைத்துக்கொள்ளும் நெருக்கடிக்கும் அதற்கு ஈடு இன்னும் வரவில்லை. ஈடாக வரும் என்று நம்பிக் கொண்டுவந்த ராபாகுரோனியம், மூச்சுக்குழாய்களை இறுக்கியதால் 2001இல் திரும்பப் பெறப்பட்டது.

நீண்ட ஆபரேஷனுக்கு

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்த்தால் பாதி முடிவு ஆகிவிடும். இரண்டும் நன்றாக உள்ளவருக்கு வெகுரோனியம், ரோகுரோனியம், அட்ராகுரியம் எதுவும் சரிதான். வெகுரோனியம் இதயத்தைத் தொந்தரவு செய்யாத சாது. தூளாக வரும், கலக்கித்தான் போட வேண்டும், வேலை தொடங்க இரண்டரை மூன்று நிமிடம் ஆகும். சிறுநீரகம் கெட்டவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதன் சிதைபொருளே தளர்ச்சியை நீட்டிக்கும். அட்ராகுரியமும் சிஸ்அட்ராகுரியமும் உறுப்புகளைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. உடம்பின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தாமாகவே உடைந்துபோகும் மூலக்கூறுகள் அவை. குளிர்பெட்டியில் வைப்பதும் அதனால்தான். அட்ராகுரியத்தை வேகமாகத் தள்ளினால் ஹிஸ்டமின் வெளியாகி மார்பும் கழுத்தும் சிவக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு வரலாம். சிஸ்அட்ராகுரியத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் நிதானமாகத்தான் பிடிக்கும். பழைய பான்குரோனியம் இதயத் துடிப்பை ஏற்றும், சிறுநீரகம் வழியே போகும், நீண்ட நேரம் நிற்கும். கடைசியில் மிச்சம் தங்குவது அதிகம். வேறு கிடைக்கிற இடத்தில் அதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஒரே எச்சரிக்கை. அட்ராகுரியம் வகையைச் சுகமாடெக்ஸ் மீட்காது. எனவே இந்தத் தேர்வைச் செய்யும்போதே வெளியேறும் வழியையும் சேர்த்துத் தேர்ந்துவிடுகிறோம்.

மீட்பு: நியோஸ்டிக்மினா, சுகமாடெக்ஸா?

நரம்பிலிருந்து செய்தி கொண்டுவரும் அசிட்டைல்கோலின் தசையில் உட்கார வேண்டிய இடங்களில் ரோகுரோனியம் உட்கார்ந்திருக்கிறது. நியோஸ்டிக்மின் அதை எழுப்பிவிடுவதில்லை. அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து, இடத்துக்கு முண்டும் கூட்டத்தைப் பெருக்குகிறது, அவ்வளவே. இடமெல்லாம் நிறைந்திருக்கும்போது கூட்டத்தை எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. ஆழமான தளர்ச்சியில் நியோஸ்டிக்மின் தோற்பது இதனால்தான். டோஸைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் நகராது. உச்ச வேலைக்கு ஏழு முதல் பத்து நிமிடம் எடுக்கும். கூட்டம் தசையோடு நிற்காமல் இதயத்துக்கும் குடலுக்கும் எச்சில் சுரப்பிக்கும் போவதால், துடிப்பு குறையும், எச்சில் ஊறும், மூச்சுக்குழாய் இறுகும். அதைச் சமாளிக்கக் கூடவே கிளைக்கோபைரோலேட் அல்லது அட்ரோபின். அதனால் வாய் வறளும், இதயம் படபடக்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவை மறைக்க இன்னொரு மருந்து.

சுகமாடெக்ஸ் வேறு ரகம். நடு வளையத்தில் குழிவுள்ள சர்க்கரை மூலக்கூறு அது. ரோகுரோனியத்தையும் வெகுரோனியத்தையும் ரத்தத்திலேயே விழுங்கி வைத்துக்கொள்ளும். தசையில் உட்கார்ந்திருப்பவை தாமாக எழுந்து வெளியேறும். ஸ்காட்லாந்தில் ஆர்கனான் ஆய்வகத்தில் பிறந்த இதற்கு ஐரோப்பா 2008இல் அனுமதி தந்தது. ஒவ்வாமைக் கவலையால் தயங்கிய அமெரிக்கா 2015 டிசம்பரில்தான் தந்தது. தளர்ச்சியின் ஆழத்துக்கு ஏற்ப கிலோவுக்கு 2 அல்லது 4 மி.கி.; ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. அரிதாகக் கடும் ஒவ்வாமை. அரிதாக இதயத் துடிப்பு சட்டென விழுதல். சிறுநீரகம் வழியேதான் வெளியேறும் என்பதால் கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் குறிப்பேடு பரிந்துரைப்பதில்லை. கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அடுத்த 7 நாட்களுக்கு ஹார்மோன் அல்லாத வேறு கருத்தடையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். வார்டுக்கு வந்த பிறகு இதை யார் சொல்வது என்பதில் மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒருவரையொருவர் நம்பி விட்டுவிடுவது சகஜம். ரத்தக் கசிவு என்று உடனே மறுபடி தியேட்டருக்குள் போக நேர்ந்தால் ரோகுரோனியம் சரிவர எடுபடாது. அட்ராகுரியம் பக்கம் போக வேண்டும். விலையும் நியோஸ்டிக்மினைவிட அதிகம்.

எது மேல்? 45,712 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்ட 2020 அமெரிக்க ஆய்வில் சுகமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல் குறைவு. மேலே சொன்ன பாப்புலர் ஆய்விலோ அப்படி வித்தியாசம் தென்படவில்லை. முரண்போலத் தெரிந்தாலும் எனக்கு இதில் பெரிய புதிர் இல்லை. சுகமாடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அளக்காமல் ஒரு குப்பியை உத்தேசமாகத் தள்ளிவிட்டு ட்யூபை எடுத்தால், அதிலும் மிச்சம் தங்கும். நியோஸ்டிக்மினை, தளர்ச்சி லேசாகக் குறைந்த பிறகு கொடுத்துப் பத்து நிமிடம் பொறுத்தால், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலும் லேசான மிச்சத்துக்கு நியோஸ்டிக்மினை ஏற்கிறது. ஆழத்துக்குச் சுகமாடெக்ஸ் என்கிறது.

கட்டைவிரல் சொல்வது

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இரண்டு ஒட்டிகளை வைத்து, உல்னார் நரம்புக்கு அரை நொடிக்கு ஒன்றாக நான்கு சின்ன மின் துடிப்புகள் கொடுப்பார்கள். 1970 முதல் உள்ள முறை. கட்டைவிரல் நான்கு முறை உள்நோக்கித் துடிக்க வேண்டும். தளர்ச்சி ஆழமாக இருந்தால் ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் வந்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பொறி. நான்காவது துடிப்பு முதலாவதில் எத்தனை பங்கு என்பதே கேள்வி, 0.9 ஆவது இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தோ விரலால் தொட்டோ இந்த வித்தியாசத்தை 0.4க்கு மேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். 0.4க்கும் 0.9க்கும் நடுவில் உள்ள அந்த இருட்டில்தான் நோயாளிகள் சிக்கிக்கொள்கிறார்கள். எண்ணைத் திரையில் காட்டும் அளவீட்டுக் கருவி ஒன்றே அதற்கு வழி.

"தலையை ஐந்து நொடி தூக்குங்கள்" என்ற பழைய சோதனையைக் கணிசமான மிச்சம் உள்ளவர்களும் செய்து காட்டிவிடுகிறார்கள். முகத்தில் ஒட்டியை வைத்துப் புருவத் துடிப்பைப் பார்ப்பதும் ஏமாற்றும். அந்தத் தசை கட்டைவிரலுக்கு முன்பே மீண்டுவிடும். உதரவிதானமும் அப்படியே. ஆகவே வென்டிலேட்டர் திரையில் மூச்சு அளவு அழகாகத் தெரியும். கடைசியாக மீள்வது தொண்டைத் தசைகள். ட்யூபை எடுத்தபின் நோயாளி மூச்சு விடுவார், ஆனால் எச்சிலை விழுங்கமாட்டார். நாக்கு பின்னால் சரியும். எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். பேச வாயெடுத்தால் குழறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது 'இன்னும் மயக்கம் தெளியவில்லை' என்றே தோன்றும். தெளிந்த மூளையோடு, அடங்காத உடம்புக்குள் அவர் பதறிக்கொண்டிருப்பார். சில நாள் கழித்து வரும் நிமோனியாவின் விதை சில நேரம் இங்கேதான் விழுகிறது.

நீங்கள் சொல்ல வேண்டியவை

எந்த ஊசி என்று முடிவு செய்வது நோயாளி அல்ல. ஆனால் அந்த முடிவைத் தலைகீழாக்கக்கூடிய தகவல்கள் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். ரத்த உறவில் யாராவது சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு எழத் தாமதமாகி வென்டிலேட்டரில் இருந்தார்களா? மயக்கத்தின்போது காய்ச்சல் கொதித்து இறந்தார்களா? பையனுக்கு நடை தாமதமா, மாடிப்படி ஏற முட்டியில் கையூன்றுகிறானா? மையஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் இருந்தால் வழக்கமான தளர்வு மருந்துகளின் சிறு துளியே அதிகமாகிவிடும். ஸ்கோலினோ சரிவரப் பிடிக்காது. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்கும் மக்னீசியமும் தளர்ச்சியை நீட்டிக்கும். நெடுநாளாக ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் எடுப்பவருக்கு ரோகுரோனியம், வெகுரோனியம் சீக்கிரம் கரைந்துபோகும். "வலிப்பு மாத்திரைதானே, இதற்கும் அதற்கும் என்ன" என்று விட்டுவிடாதீர்கள். கருத்தடை மாத்திரையைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது ஒரே கேள்வி கேட்க வாய்ப்பிருந்தால் நான் கேட்பது இதைத்தான்: ட்யூபை எடுப்பதற்கு முன் கட்டைவிரலில் எண் வைத்து அளப்பீர்களா?

ஏதாவது நடந்துவிட்டிருந்தால், "ஒத்துக்கவில்லை" என்ற வாய்வார்த்தையோடு வீட்டுக்கு வராதீர்கள். எந்த மருந்து, எந்த நேரம், என்ன ஆனது என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வாமை என்றால் சில வாரங்கள் கழித்துத் தோல் பரிசோதனை செய்து, எது காரணம் என்பதோடு மாற்றாக எது போடலாம் என்பதையும் கண்டுபிடிக்க முடியும்; ஒரு தளர்வு மருந்துக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போவது இந்தக் குடும்பத்தில் உண்டு. ஸ்கோலினால் மூச்சு திரும்பத் தாமதமாயிருந்தால் ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவையும், அந்த நொதி பழுதா என்று காட்டும் டைபுகேன் எண்ணையும் பார்ப்பார்கள். அந்த எண் சரியாக உள்ளவருக்கு 80 பக்கம் இருக்கும். இரு பக்கமும் பழுதானவருக்கு 20 பக்கம். அப்படி வந்தால் உங்களோடு பிறந்தவர்களுக்கும் அந்தப் பரிசோதனை தேவை.